நல்ல தட்டில் எடைபோடுவதா, வாயை மூடிக்கொள்வதா? யூத மரபில் சண்டை தவிர்ப்பது பற்றி ஒரு திரி

பழுவூரான் (திரி துவக்கியவர்)

பிர்க்கே அவோத் படித்துக்கொண்டிருக்கிறேன். ரபிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் 63 நூல்களில் ஒன்று. மற்றவை வழக்கு, வரி, பலி, அறுவடை என்று சட்டமாகவே போகும்; இது ரபிகள் (யூத மத குருமார்) சொன்ன புத்திமதி. முதல் அத்தியாயத்தில் யெகோசுவா பென் பெராகியா மூன்று விஷயம் சொல்கிறார்: ஒரு குருவை ஏற்படுத்திக்கொள், ஒரு நண்பனைச் சம்பாதி, எந்த மனிதனை எடைபோட்டாலும் நல்ல தட்டின் பக்கம் சாய். முதல் இரண்டும் சரி. மூன்றாவதில்தான் எனக்கு இடறுகிறது.

இதற்குத் தல்மூத் (மிஷ்னாவின் மேல் ரபிகள் நடத்திய விவாதங்களின் தொகுப்பு) ஒரு கதை வைத்திருக்கிறது (சபாத் நூல், 127ஆம் ஏட்டின் பின்பக்கம்). மேல் கலிலேயாக்காரன் ஒருவன் தெற்கே போய் ஒரு வீட்டுக்காரரிடம் 3 வருடம் கூலிவேலை செய்கிறான். பாவநிவாரண நாளுக்கு முந்தின நாள் வந்து, "கூலியைக் கொடுங்கள், ஊருக்குப் போய்ப் பெண்டாட்டி பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும்" என்கிறான். காசு இல்லை என்கிறார். தானியமாகக் கொடுங்கள். இல்லை. நிலம்? இல்லை. ஆடுமாடு? இல்லை. தலையணை, மெத்தையாவது? அதுவும் இல்லை. மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு மனம் நொந்து கிளம்பிவிடுகிறான்.

பண்டிகை முடிந்ததும் அந்த வீட்டுக்காரரே கூலியை எடுத்துக்கொண்டு, மூன்று கழுதைகளில் சாப்பாடு, பானம், தின்பண்டம் ஏற்றிக்கொண்டு அவன் வீட்டுக்கு வருகிறார். சாப்பிட்டு முடித்த பிறகு கேட்கிறார்: "காசு இல்லை என்றபோது என்ன நினைத்தாய்?" மலிவாக ஏதோ சரக்கு வந்து அதில் போட்டுவிட்டீர்கள் என்று நினைத்தேன். "ஆடுமாடு இல்லை என்றபோது?" வேறு யாருக்கோ வாடகைக்கு விட்டிருப்பீர்கள். நிலம்? குத்தகைக்குப் போயிருக்கும். தானியம்? தசமபாகம் இன்னும் பிரித்திருக்க மாட்டீர்கள். "தலையணை, மெத்தை?" சொத்து முழுவதையும் கடவுளுக்கு நேர்ந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். வீட்டுக்காரர் சத்தியம் செய்கிறார்: அப்படியேதான் நடந்தது. மகன் ஹிர்கனுஸ் தோரா (யூத வேதம்) படிக்கவில்லை என்று சொத்தையெல்லாம் நேர்ந்துவிட்டேன். பிறகு தெற்கிலிருக்கும் சகாக்கள் அந்த நேர்ச்சையை அவிழ்த்துவிட்டார்கள். நீ என்னை நல்லபடி எடைபோட்டாய், கடவுள் உன்னை நல்லபடி எடைபோடட்டும்.

கதை அழகுதான். ஆனால் இதே மரபின் லேவியராகமம் 19ஆம் அதிகாரம், கூலிக்காரனின் கூலியை விடியும் வரைகூட உன்னிடம் வைத்துக்கொள்ளாதே என்கிறது. அப்படியானால் அந்த ஆள் வாசலில் நின்று சத்தம் போட்டிருந்தாலும் நியாயம் அவன் பக்கம்தானே? சண்டையைத் தவிர்த்தது நல்ல மனசா, ஏமாளித்தனமா?

---

கறார் கந்தசாமி

இப்படி ஒரு கூலிக்காரன் கிடைத்தால் எந்த முதலாளிக்குக் கசக்கும்? கதையில் முதலாளி திரும்பி வந்தார், அதனால் அவன் ஞானி. வராமல் இருந்திருந்தால் கதையே இருந்திருக்காது. கூலி வராத 3 வருடத்துக்கு ஊரில் அவனுக்கு வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

---

நீலா_மதுரை

பழுவூரான், கதையில் ஒன்றைக் கவனியுங்கள். அவன் வாய் திறக்காமல் போகவில்லை. காசு, தானியம், நிலம், ஆடுமாடு, மெத்தை என்று ஐந்து முறை கேட்கிறான். உரிமையைக் கேட்பதிலும் குறை வைக்கவில்லை, மாற்று வழி சொல்வதிலும் குறை வைக்கவில்லை. கேட்டு முடித்த பிறகு அந்த மனிதரை மோசக்காரர் என்று முடிவுகட்டவில்லை, அவ்வளவுதான். கோரிக்கையும் சந்தேகமும் ஒன்றாக வந்தாக வேண்டும் என்று நாம்தான் பழகிவிட்டோம்.

இன்னொன்று, "நல்ல தட்டு" எல்லோருக்கும் ஒரே அளவில் கிடையாது. யூத அறிஞர் மைமோனிதேஸ் 1168இல் முடித்த மிஷ்னா உரையில் இதைப் பிரித்துச் சொல்கிறார். ஒருவனை உனக்குத் தெரியாது, அவன் செய்த காரியத்தை நல்லதாகவும் கெட்டதாகவும் பார்க்க இடமிருக்கிறது என்றால் நல்லதாகவே எடுத்துக்கொள். நல்லவன் என்று பெயரெடுத்தவன் செய்தது முழுக்கத் தப்பாகத் தெரிந்தாலும், நல்லதாக இருக்க ஒரு மெல்லிய வழி இருந்தால்கூட அதையே பிடித்துக்கொள். கெட்டவன் என்று ஊரறிந்தவன் ஒன்றை நல்லது போலச் செய்தாலும் உஷாராக இரு. ஆக இது கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லும் விதி இல்லை. கூலிக்காரனுக்கு அந்த வீட்டுக்காரரோடு 3 வருடப் பழக்கம். அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் அவன் எடைபோட்டான்.

---

கறார் கந்தசாமி

> கெட்டவன் என்று ஊரறிந்தவன் ஒன்றை நல்லது போலச் செய்தாலும் உஷாராக இரு

இதுதான் எனக்குப் பயம். ஏற்கெனவே நல்லவன் என்று நினைத்தவனுக்குச் சலுகை, கெட்டவன் என்று நினைத்தவனுக்குச் சந்தேகம். இதை உலகமே செய்துகொண்டிருக்கிறது. தன் சாதிக்காரன், தன் கட்சிக்காரன் என்றால் "அவர் வேறு ஏதோ காரணமாகச் செய்திருப்பார்" என்று தானாகவே நல்ல தட்டு வந்துவிடும். அதற்கு ரபி எதற்கு?

---

நீலா_மதுரை

நியாயமான கேள்வி. அவர்களுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது. தல்மூதின் சன்ஹெத்ரின் நூலில் ஒரு விதி: மரண தண்டனை வழக்கில் நீதிபதிகள் அத்தனை பேரும் ஒருமனதாகக் குற்றவாளி என்றால் அவனை விடுதலை செய்துவிட வேண்டும். அவனுக்குச் சாதகமாக ஏதாவது கண்டுபிடிக்க ஓர் இரவு அவகாசம் வேண்டும்; எல்லோரும் ஒரே பக்கம் போய்விட்ட அவையில் அதைத் தேட ஆளே இல்லை. ஊரறிந்த கெட்டவனுக்கும் அவையில் ஒரு கண்ணாவது எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு அது.

பழைய குரு ஹில்லேலின் வாக்கு உங்களுக்கு இன்னும் பிடிக்கலாம்: அவன் இருக்கும் இடத்துக்கு நீ வந்து சேரும் வரை அவனை எடைபோடாதே.

---

சுந்தரி டீச்சர்

தம்பிகளே, கூலிக்காரனைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த மகனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே? ஹிர்கனுஸ் படிக்கவில்லை என்று அப்பா கோபத்தில் மொத்தச் சொத்தையும் நேர்ந்துவிடுகிறார். பையன் ஏன் படிக்கவில்லை, அவனுக்கு என்ன கஷ்டம் என்று ஒரு வரி உண்டா? கூலிக்காரன் முன்பின் தெரியாத சரக்கு வியாபாரியைக் கற்பனை செய்தாவது முதலாளியைக் காப்பாற்றினான். முதலாளிக்குச் சொந்தப் பிள்ளை விஷயத்தில் அந்தக் கற்பனை ஓடவில்லை. அந்தக் கோபத்தில் கூலி வேறு மாட்டிக்கொண்டது. 34 வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள் நான். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பரிந்து பேசுகிறவர்கள் தன் பிள்ளை மார்க் ஷீட்டைப் பார்த்ததும் என்ன ஆவார்கள் என்று எனக்குத் தெரியும்.

---

பழுவூரான்

டீச்சர், இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. உரைகளில் யாராவது மகனுக்காகப் பேசியிருக்கிறார்களா என்று தேடிப் பார்க்கிறேன்.

---

வெம்பிளி பாலா

வணக்கம். நான் லண்டனில் கணக்காளர் வேலை. என்னிடம் வரும் யூத வாடிக்கையாளர்கள் சிலர் பங்குச் சண்டைகளை பேத் தின்னுக்குக் கொண்டுபோவார்கள். அது ரபிகள் நடத்தும் நீதிமன்றம். இங்கே 1996ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது, அதனால் தீர்ப்பு சட்டப்படியும் செல்லும்.

எனக்குப் பிடித்த விஷயம், விசாரணை தொடங்கும் முன்பே கேட்கும் ஒரு கேள்வி: "உங்களுக்குச் சட்டம் வேண்டுமா, சமரசம் வேண்டுமா?" நீதிபதி இப்படிக் கேட்பதே புண்ணியம் என்று ஷுல்கான் அரூக் என்ற யூதச் சட்ட நூல் சொல்கிறது. வாய்ப் பேச்சோடு விடுவதும் இல்லை. இப்போதெல்லாம் சட்டத்துக்கு நெருக்கமான சமரசத்துக்குச் சம்மதம் என்று இரண்டு தரப்பிடமும் முதலிலேயே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். தீர்ப்புச் சொன்ன பிறகு நீதிபதி சமரசம் பேச வரக்கூடாது.

இதில் அவர்களுக்குள்ளேயே பழைய சண்டை ஒன்று இருக்கிறது. ரபி யோசே என்ற கலிலேயாக்காரரின் மகன் ரபி எலியேசர், சமரசம் செய்வதே தப்பு, சட்டம் மலையைத் துளைத்துக்கொண்டு போகட்டும் என்றார். அதற்கு மோசேயைச் சாட்சிக்கு அழைத்தார். ரபி யெகோசுவா பென் கோர்ஹா, சமரசம்தான் புண்ணியம் என்றார். சகரியா தீர்க்கதரிசி "உண்மையும் சமாதானமுமான நியாயம்" கேட்கிறார். கறாரான தீர்ப்பு இருக்கும் இடத்தில் சமாதானம் இல்லை, சமாதானம் இருக்கும் இடத்தில் கறாரான தீர்ப்பு இல்லை, இரண்டும் சேர்வது சமரசத்தில்தான் என்பது அவர் வாதம். நடைமுறையில் நின்றது இந்தக் கட்சி. கந்தசாமி அண்ணை மலையைத் துளைக்கிற கட்சி என்று விளங்குது 😀

---

கறார் கந்தசாமி

ஆமாம், துளைக்கிற கட்சிதான். பெயரிலேயே போட்டிருக்கிறேன்.

---

ஆனைமலை

நல்ல திரி. ஆனால் எல்லோரும் சமாதானம் நல்லது என்ற இடத்திலிருந்தே பேசுகிறீர்கள். யூத மரபின் மிகப் பெரிய துக்கமான எருசலேம் கோயில் அழிவுக்கு ரபிகள் சொன்ன காரணங்களில் ஒன்று, சண்டை வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றியது. தல்மூதின் கித்தின் நூல், 55-56ஆம் ஏடுகள்.

எருசலேமில் ஒருவர் விருந்து வைக்கிறார். அவருக்கு காம்சா என்று ஒரு நண்பர், பார் காம்சா என்று ஒரு எதிரி. வேலைக்காரன் பெயர் குழம்பி எதிரியை அழைத்து வந்துவிடுகிறான். வீட்டுக்காரர் வந்து பார்க்கிறார், பந்தியில் எதிரி உட்கார்ந்திருக்கிறான். எழுந்து போ என்கிறார். "வந்தது வந்துவிட்டேன், இருக்க விடுங்கள். நான் சாப்பிடுவதற்குக் காசு கொடுத்துவிடுகிறேன்." முடியாது. "விருந்தில் பாதிச் செலவு என்னுடையது." முடியாது. "முழு விருந்துக்கும் நானே தருகிறேன்." முடியாது. கையைப் பிடித்து எழுப்பி வெளியே தள்ளுகிறார்.

பார் காம்சா வெளியே போய் நினைத்ததுதான் முக்கியம். வீட்டுக்காரர் மேல் இல்லை அவன் ஆத்திரம்: "ரபிகள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் தடுக்கவில்லை, அப்படியானால் அவர்களுக்கும் சம்மதம்." நேராக ரோம ஆட்சியாளரிடம் போய், யூதர்கள் உங்களுக்கு எதிராகக் கிளம்பிவிட்டார்கள், வேண்டுமானால் ஒரு பலி அனுப்பி, அதைச் செலுத்துகிறார்களா என்று பாருங்கள் என்கிறான். வழியிலேயே அனுப்பிய கன்றின் மேல் உதட்டில் (கண்ணில் என்றும் சொல்வார்கள்) சின்னக் காயம் செய்துவிடுகிறான். ரோமருக்கு அது குறையில்லை, யூத விதிப்படி குறை.

கோயிலில் ரபிகள் கூடிப் பேசுகிறார்கள். அரசாங்கத்தோடு சமாதானம் கெடக்கூடாது, பலியிட்டுவிடலாம் என்கிறார்கள். செக்கரியா பென் அவ்கூலஸ், அப்படிச் செய்தால் குறையுள்ளதைப் பலியிடலாம் என்று ஜனங்கள் சொல்வார்கள் என்கிறார். சரி, பார் காம்சா போய்ச் சொல்லாதபடி அவனைக் கொன்றுவிடலாமா? காயம் செய்தவனுக்கு மரண தண்டனை என்று சொல்வார்கள் என்கிறார். கடைசியில் ஒன்றுமே நடக்கவில்லை. கி.பி. 70இல் கோயில் எரிகிறது. ரபி யோகனான் சொன்னது: செக்கரியா பென் அவ்கூலஸின் பணிவு நம் வீட்டை அழித்தது, கோயிலை எரித்தது, நம்மை நாடுகடத்தியது.

பணிவு என்றுதான் சொல்கிறார், பாருங்கள். விருந்தில் இருந்த ரபிகள் கெட்டவர்கள் இல்லை. அடுத்தவர் வீட்டுப் பந்தியில் நாம் எதற்கு மூக்கை நுழைக்க வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். வீட்டுக்காரரை நல்ல தட்டில்கூட எடைபோட்டிருக்கலாம்: "அவருக்கு ஏதோ மனக்கஷ்டம்." கையைப் பிடித்து இழுத்துப்போகப்பட்டவனை எந்தத் தட்டில் வைத்தார்கள்?

---

கறார் கந்தசாமி

இதைத்தான் முதலிலிருந்தே சொல்ல நினைத்தேன். இவ்வளவு நன்றாக வரவில்லை.

---

மட்டுறுத்துநர்

இன்றைய இஸ்ரேல் அரசியல் பற்றிய மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்கு உலக அரசியல் பகுதியில் தனித் திரிகள் இருக்கின்றன. இங்கே தலைப்பில் இருங்கள்.

---

பழுவூரான்

ஆனைமலை சொன்ன பிறகு இரண்டு நாள் மண்டைக் குடைச்சல். லேவியராகமம் அதே 19ஆம் அதிகாரத்தில் அடுத்தடுத்து வருகிறது: நீதியோடு உன் அயலானை நியாயந்தீர், கோள் சொல்லித் திரியாதே, அயலானின் இரத்தத்துக்கு எதிரே சும்மா நிற்காதே, சகோதரனை உள்ளத்தில் பகைக்காதே, அவனைக் கட்டாயம் கடிந்துகொள். அதாவது வாயை மூடு, வாயைத் திற, இரண்டும் மூன்று வசனத்துக்குள். எப்போது எது என்று அவர்கள் எப்படி முடிவு செய்தார்கள்?

---

நீலா_மதுரை

அதற்கு யெவமோத் நூல் 65ஆம் ஏட்டின் பின்பக்கம் போக வேண்டும். கேட்கக்கூடியதைச் சொல்வது எப்படிக் கடமையோ, கேட்கப்படாததைச் சொல்லாமலிருப்பதும் அப்படியே கடமை என்று ஒரு வாக்கு அங்கே இருக்கிறது. உடனே அடுத்த வாக்கு: சமாதானத்துக்காக உண்மையை மாற்றிச் சொல்லலாம். ஆதாரம், யாக்கோபு இறந்ததும் யோசேப்பின் அண்ணன்மார், "சாகும் முன் அப்பா உன்னிடம் இப்படிச் சொல்லச் சொன்னார்" என்று மன்னிப்புக் கேட்டது. யாக்கோபு அப்படிச் சொன்னதாக எங்கும் இல்லை. ரபி நாத்தான் ஒரு படி மேலே போய், "செய்யலாம்" இல்லை, செய்தே ஆக வேண்டும் என்கிறார். பிறகு சாராள். "என் புருஷனும் கிழவர்" என்று அவள் தனக்குள் சிரித்தாள். கடவுள் ஆபிரகாமிடம் அதைச் சொல்லும்போது, "நான் கிழவியாயிருக்க" என்றாள் என மாற்றிவிடுகிறார். புருஷனுக்கு மனசு நோகக்கூடாது. கடவுளே செய்திருக்கிறார் என்றால் சமாதானம் எவ்வளவு பெரியது என்பது அங்கே முடிவு.

("பொய்மையும் வாய்மை யிடத்த" என்று யாரும் ஆரம்பித்துவிடாதீர்கள். அதற்கு 40 பக்கத்தில் ஒரு திரி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.)

எல்லோரும் இதை ஏற்கவும் இல்லை. கல்யாணத்தில் மணப்பெண் முன்னால் ஆடும்போது என்ன பாடுவது என்று ஹில்லேல், ஷம்மாய் என்ற இரண்டு குருமாரின் பள்ளிகளுக்குள் ஒரு விவாதம். ஷம்மாய் பள்ளி: பெண் எப்படி இருக்கிறாளோ அப்படியே பாடு. ஹில்லேல் பள்ளி: எந்தப் பெண்ணாக இருந்தாலும் "அழகும் கருணையும் உள்ளவள்" என்றே பாடு. ஷம்மாய்க்காரர்கள் கேட்டார்கள்: நொண்டியாகவோ குருடாகவோ இருந்தால்? பொய்யிலிருந்து விலகு என்று தோராவில் இருக்கிறதே? ஹில்லேல்காரர்கள் பதில்: சந்தையில் ஒருவன் கெட்ட சரக்கை வாங்கிவிட்டான் என்றால் அவன் எதிரில் அதைப் புகழ்வாயா, இகழ்வாயா?

---

வெம்பிளி பாலா

அந்த இரண்டு பள்ளிகளைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். யாரை மணக்கலாம் என்ற சட்டத்திலேயே அவர்களுக்குள் வேறுபாடு. ஒருவர் கணக்கில் முறையான கல்யாணம், மற்றவர் கணக்கில் முறைகேடு. அப்படியிருந்தும் பெண் கொடுப்பதையும் எடுப்பதையும் நிறுத்தவில்லை என்று மிஷ்னா சொல்கிறது. எப்படி முடிந்தது என்றால், சிக்கல் உள்ள இடத்தை ஒருவருக்கொருவர் முன்கூட்டியே தெரிவித்துவிடுவார்கள் என்று தல்மூத் விளக்குகிறது. பூசி மெழுகவில்லை. உங்கள் சட்டப்படி இந்த இடம் உங்களுக்கு ஆகாது என்று எதிர்க்கட்சியே சொல்லியிருக்கிறது. சம்பந்தம் பேசுகிற எங்கட ஆக்களுக்கு இது எட்டாத உயரம்.

கடைசியில் சட்டம் ஹில்லேல் பக்கம் போனதற்கு எருவின் நூல் சொல்லும் காரணமும் இந்தக் குணம்தான்: சாந்தமானவர்கள், தங்கள் கருத்தோடு ஷம்மாயின் கருத்தையும் கற்பித்தார்கள், அதுவும் ஷம்மாயின் கருத்தை முதலில் சொன்னார்கள்.

---

சுந்தரி டீச்சர்

எனக்குப் பிடித்த கதை ஒன்று, எருசலேம் தல்மூதில் இருக்கிறது. ரபி மேயிர் வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் ஹம்மத் ஜெப ஆலயத்தில் பேசுவார். ஒரு பெண் தவறாமல் வந்து கேட்பாள். ஒரு நாள் பேச்சு நீண்டுவிட்டது. அவள் வீட்டுக்குப் போனபோது விளக்கு அணைந்திருக்கிறது. எங்கே போனாய்? பேச்சுக் கேட்க. புருஷன் சத்தியம் வைக்கிறான்: அந்த ஆளின் முகத்தில் போய்த் துப்பிவிட்டு வந்தால்தான் இந்த வீட்டுக்குள் வரலாம்.

ரபி மேயிருக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. அவர் கண்வலி வந்தது போல நடிக்கிறார். "கண்ணுக்கு மந்திரிக்கத் தெரிந்த பெண்கள் யாராவது இருந்தால் வரட்டும்." அக்கம்பக்கத்துப் பெண்கள் இவளைத் தள்ளிவிடுகிறார்கள்: போ, மந்திரிக்கிற மாதிரி துப்பிவிட்டு வா. போய் எதிரில் உட்கார்ந்தவளுக்குக் கை கால் உதறுகிறது, எனக்கு மந்திரிக்கத் தெரியாது என்று உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அவர், "பரவாயில்லை, ஏழு தடவை துப்பு, சரியாகிவிடும்" என்கிறார். துப்புகிறாள். "இப்போது போய் உன் புருஷனிடம் சொல்: ஒரு தடவை துப்பச் சொன்னாய், ஏழு தடவை துப்பினேன் என்று."

சீடர்களுக்குத் தாங்கவில்லை. தோராவுக்கே அவமானம், சொல்லியிருந்தால் அவனை இழுத்து வந்து அடித்தாவது சம்மதிக்க வைத்திருப்போமே என்கிறார்கள். அவர் சொன்ன பதிலின் சாரம்: புருஷன் பெண்டாட்டிக்குள் சமாதானம் வர, மனைவியைச் சந்தேகிக்கும் புருஷனுக்கான சடங்கில், தோராவில் கடவுள் தன் பெயரையே தண்ணீரில் அழிக்கச் சொல்லியிருக்கிறார், மேயிரின் மானம் அதைவிடப் பெரியதா?

---

கறார் கந்தசாமி

டீச்சர், கதை நன்றாக இருக்கிறது. அந்தப் புருஷனை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லையே? அவள் அதே வீட்டுக்குத்தானே திரும்பிப் போனாள்?

---

சுந்தரி டீச்சர்

கேட்கவில்லை. அது கதையில் இருக்கும் ஓட்டைதான், நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஒன்று பார், ரபி மேயிர் விட்டுக்கொடுத்தது தன்னுடைய மானத்தை. "அம்மா, நீ கொஞ்சம் அனுசரித்துப் போ" என்று அவளிடம் சொல்லவில்லை. நம் வீடுகளில் பெரியவர்கள் செய்யும் சமாதானத்தில் விட்டுக்கொடுப்பது எப்போதும் அந்தப் பெண்ணாகவே இருக்கும்.

---

ஆனைமலை

டீச்சர் சொன்ன அளவுகோல் வேலை செய்கிறது. மோசேயின் அண்ணன் ஆரோனை வைத்துப் பாருங்கள். "ஆரோனின் சீடனாக இரு, சமாதானத்தை நேசி, அதைத் துரத்திப் பிடி" என்பது ஹில்லேல் வாக்கு. இரண்டு பேர் சண்டை போட்டால் ஆரோன் ஒருவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "மகனே, உன் நண்பன் நெஞ்சில் அடித்துக்கொள்கிறான், அவன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அழுகிறான்" என்பார். மனசு இளகும் வரை அங்கேயே இருப்பார். பிறகு அடுத்தவனிடம் போய் அதையே சொல்வார். இருவரும் சந்திக்கும்போது கட்டிப்பிடித்துக்கொள்வார்கள்.

பாலா சொன்ன சமரச விவாதம் நடக்கும் பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலேயே ஆரோனின் இன்னொரு சமரசமும் வருகிறது: ஜனங்கள் கும்பிடக் கேட்ட பொன் கன்றுக்குட்டி. கூட்டத்தை எதிர்த்த ஹூர் வெட்டுண்டு கிடப்பதை ஆரோன் பார்க்கிறார். மறுத்தால் எனக்கும் இதே கதி என்று கன்று செய்து கொடுத்துவிடுகிறார். அப்படிப்பட்ட சமரசத்தைப் புகழ்கிறவன் கடவுளை இகழ்கிறான் என்று ஒரு ரபி அங்கே சொல்கிறார். முதல் ஆரோன் தன் நேரத்தையும் கௌரவத்தையும் செலவழித்தார். இரண்டாவது ஆரோன் கொடுத்தது அவருடையதே இல்லை.

---

நீலா_மதுரை

உயிர் போகும் நிலையில் இருந்தவரை இவ்வளவு கறாராக நிறுத்த வேண்டாம் ஆனைமலை. ஹில்லேல் சொன்ன "அவன் இடத்துக்கு வந்து சேரும் வரை" ஆரோனுக்கும் பொருந்தும். ஹூரின் சவத்தின் எதிரில் நாம் யாரும் நின்றதில்லை. அதே பக்கத்தில் ஆரோனுக்கு ஒரு நல்ல தட்டும் இருக்கிறது: என்னையும் கொன்றுவிட்டால் ஜனங்களுக்கு அந்தப் பாவத்திலிருந்து மீட்சியே இல்லை, கன்று செய்தாலாவது பிறகு மனம் திரும்ப வழியிருக்கும் என்று அவர் நினைத்ததாக.

---

பழுவூரான்

அப்படியானால் சண்டை போட்டே ஆக வேண்டிய இடத்தில் எப்படிப் போடுவது? அதற்கு ஏதாவது மாதிரி இருக்கிறதா?

---

நீலா_மதுரை

அகிவா. ஒரு அடுப்பு தீட்டுப்படுமா படாதா என்ற வழக்கில் ரபி எலியேசர் (பாலா சொன்னவர் இல்லை, வேறொருவர்) தனியாளாக எல்லோரையும் எதிர்க்கிறார். அவர் சொல்வதே சரி என்று காட்ட மரம் பெயர்கிறது, ஓடை பின்னால் ஓடுகிறது, வானத்திலிருந்து குரலே வருகிறது. "தோரா வானத்தில் இல்லை" என்று சொல்லிப் பெரும்பான்மை ஏற்க மறுக்கிறது. அது எல்லோருக்கும் தெரிந்த கதை, விடுங்கள். அதற்குப் பிறகு நடப்பதுதான் விஷயம். எலியேசரை விலக்கிவைக்க முடிவாகிறது. போய்ச் சொல்வது யார்? தகாதவன் யாராவது போய்ச் சொல்லி உலகத்தை அழித்துவிடக்கூடாது, நான் போகிறேன் என்கிறார் அகிவா, எலியேசரின் மாணவர். கறுப்பு உடுத்தி, கறுப்பு போர்த்திக்கொண்டு, நான்கு முழம் தள்ளி உட்காருகிறார். "அகிவா, இன்றைக்கு என்ன விசேஷம்?" "ரபி, சகாக்கள் உங்களிடமிருந்து விலகியிருப்பது போல எனக்குத் தோன்றுகிறது." எலியேசர் ஆடையைக் கிழித்து, செருப்பைக் கழற்றி, தரையில் உட்கார்ந்து அழுகிறார்.

முடிவை அகிவா மாற்றவில்லை. நான்கு முழம் என்பதே விலக்கப்பட்டவரிடமிருந்து விலகி நிற்க வேண்டிய தூரம், அதையும் குறைக்கவில்லை. ஆனால் துக்க உடையைத் தான் போட்டுக்கொண்டு போனார்.

---

கொடுங்கல்லூர்_தாசன்

கொச்சிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் எல்லோருக்கும் தெரியும். விடுதலை பெற்ற அடிமைகளின் வம்சம் என்று ஒரு பிரிவினரை அங்கே தாழ்வாக வைத்திருந்தார்கள். தோரா வாசிக்க அழைக்க மாட்டார்கள். அந்தப் பிரிவில் பிறந்தவர் ஏ.பி. சேலம் (1882-1967). சென்னைக்குப் போய்ச் சட்டம் படித்தவர், 1929 லாகூர் காங்கிரஸுக்குப் போனவர். ஆலயத்தைப் புறக்கணித்தார், சத்தியாக்கிரகம் செய்தார். அதனால் யூதக் காந்தி என்று பெயர். புதிதாக ஒரு ஆலயம் கட்டிக்கொண்டு பிரிந்து போகவில்லை. அங்கேயேதான் வம்பு பண்ணிக்கொண்டிருந்தார். கட்டுப்பாடுகள் ஒன்றொன்றாகத் தளர்ந்தன. இன்றைக்கு அந்தத் தெருவுக்கே அவர் பெயர்.

---

கறார் கந்தசாமி

இவர்தான் என் ஆள். பார் காம்சா செய்ததற்கும் இவர் செய்ததற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். இரண்டு பேரையும் பந்தியிலிருந்து எழுப்பினார்கள். ஒருவன் ரோமிடம் போனான், இவர் வாசலிலேயே நின்றார். தன்னை ஒதுக்கியவர்களும் ஒரு நாள் திருந்துவார்கள் என்று நினைக்காதவன் அப்படி நிற்க மாட்டான். இது நல்ல தட்டு என்றால் எனக்கும் சம்மதம்.

பாலா, ஒரு சந்தேகம். சமரசத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேன், எனக்குச் சட்டம்தான் வேண்டும் என்று ஒரு தரப்பு அடம்பிடித்தால் பேத் தின் என்ன செய்யும்?

---

வெம்பிளி பாலா

அண்ணை, நீதிபதி இரண்டு தரப்பையும் பேசிப் பேசிச் சம்மதிக்க வைக்கப் பார்க்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. ஒருவர் கறாராகச் சட்டம் கேட்டால் சட்டப்படிதான் தீர்ப்பு. ஆனால் அப்படிக் கேட்டு வருகிறவர்களுக்குத் தாங்கள் எதிர்பார்த்த சட்டம்தான் கிடைக்கும் என்று இல்லை. நான் கணக்கு எழுதிக் கொடுத்த ஒருவர் சமரசத்தில் வந்திருக்கக்கூடிய பாதித் தொகையை வேண்டாம் என்றுவிட்டு, சட்டம் கேட்டு, வெறுங்கையோடு வந்தார். எனக்கு வர வேண்டிய கட்டணத்தை மட்டும் உடனே தந்துவிட்டார்.